கண் இல்லாத மீன்

முகப்பேர் ஃப்ளாட்டில் என் மகள் தன் பழைய பருத்திச் சட்டையைத் தரையில் விரித்து, அதில் பூனை வரைந்துகொண்டிருக்கிறாள். துணிச்சாயத்தின் காட்டமான வாசனை மூக்கில் ஏறியதும் நான் சின்ன வயதில் இருந்த ஆவடி குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டேன்.

அங்கே அப்பாக்களின் ஃபாக்டரி யூனிஃபார்ம் வெளுத்துப்போனால் அதுதான் பிள்ளைகளுக்கு வீட்டுச் சட்டை. முட்டி வரை தொங்கும். துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகியிருக்கும். தெரு முழுக்க ஒரே காக்கியில் திரிவோம். என்னுடையது மட்டும் தனியாகத் தெரியட்டும் என்று, அம்மா தலையணை உறைக்கு வைத்திருந்த சாயத்தை எடுத்து, பாக்கெட்டில் ஒரு ஆரஞ்சு மீன் வரைந்தேன். ஆனால் அவசரத்தில் கொடியிலிருந்து நான் உருவியது என் சட்டை இல்லை, அப்பா வேலைக்குப் போடும் சட்டை.

மறுநாள் விடிகாலை, கரண்ட் இல்லாத நேரத்தில் அப்பா அதையே மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார். சாயங்காலம் அவர் சைக்கிள் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டேன்.

"காலைலேர்ந்து பாக்கெட்டைக் கையால மூடிக்கிட்டே நின்னேன்," என்று அம்மாவிடம் சொன்னார். "நெஞ்சுவலின்னு நினைச்சு டிஸ்பென்சரிக்கு இழுத்துட்டுப் போயிட்டானுங்க. டாக்டர் கையை விலக்கிப் பார்த்தா, மீனு."

அப்பா குனிந்து சட்டையைக் கட்டிலுக்கு அடியில் நீட்டினார்.

"மீனுக்கு ஏன் கண்ணே இல்லன்னு டாக்டர் கேட்டாரு. வச்சுக் குடு."

"அம்மா, முடிஞ்சிடுச்சு. தொடாத, இன்னும் காயல," என்கிறாள் மகள்.

"கண்ணு வச்சிட்டியா?" என்று கேட்கிறேன்.