கேட் திறக்குற வரைக்கும்

பேய், ஆவின்னு எவன் பேசினாலும் "போலே, சோலியைப் பாரு"ன்னு எழுந்து போயிருவேன். ஆம்புலன்ஸ்ல ஏழு வருஷமா நர்ஸா இருக்கேன், எத்தனையோ சாவு பாத்தாச்சு, ஒண்ணும் என்னைப் பிடிக்கலை. இதைக் கேட்டா நீங்க சிரிப்பீங்க. சிரிங்க.

உடன்குடிப் பக்கம் ஒரு வீடு, உச்சி வெயில். நாங்க போறதுக்குள்ள செல்விங்கிற பொண்ணுக்குப் பிள்ளை பொறந்துட்டு, நஞ்சுக்கொடியும் விழுந்துட்டு, ஆனா ரத்தம் நிக்கலை. வண்டியில ஏத்தலாம்னா மாமியார் வாசலை மறிச்சிக்கிட்டு, "அதான் பிள்ளை பொறந்தாச்சே, இனி எதுக்கு ஆஸ்பத்திரி? பெத்தவளுக்கு ரத்தம் போகத்தான் செய்யும்"ங்காவ. "இப்படியா போகும்? அந்தச் சேலையைப் பிழிஞ்சு பாருங்க!"ன்னு கத்தினேன். பத்து நிமிஷம் வீணாப் போச்சு, நினைச்சா இப்பவும் பல்லைக் கடிக்கேன். கடைசில பிள்ளையை மாமியார் மடியில குடுத்து முன்சீட்ல உக்கார வச்சோம். பின்னால நானும் செல்வியும் மட்டும்தான்.

பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டா ரத்தம் இல்லை, தூத்துக்குடிக்குக் கொண்டு போங்கன்னுட்டாவ. சரின்னு விரட்டினா காயல்பட்டினம் தாண்டி ரயில்வே கேட் அடைச்சிருக்கு. ரயிலைக் காணோம். டிரைவர் அண்ணாச்சி ஹாரனை விடாம அடிக்காரு, ஒரு பிரயோஜனமும் இல்லை. ஊசி போட்டாச்சு, குளுக்கோஸ் ஓடுது, நான் அவ அடிவயித்தை அமுக்கித் தேய்ச்சிக்கிட்டே இருக்கேன், கர்ப்பப்பை இறுகினாத்தான் ரத்தம் நிக்கும், அது பஞ்சு மாதிரி தொளதொளன்னு கிடக்கு. கை மரத்துப்போச்சு. எனக்கு அழுகையா வந்துச்சு, பயத்துல இல்ல, ஆத்திரத்துல.

அப்பத்தான் என் கை மேல இன்னொரு கை விழுந்துச்சு. நம்புனா நம்புங்க. ஜில்லுன்னு, கனமா, உப்புல ஊறுன மாதிரி சொரசொரன்னு. பாத்தா ஒண்ணுமில்ல, ஆனா என் கை கீழ கீழ அமுங்குது. செல்வி வயிறு கல்லு மாதிரி இறுகிட்டு. கேட் திறக்கும்போது ரத்தம் நின்னு போயிருந்துச்சு.

நாலு நாள் கழிச்சு வார்டுல போய்ப் பாத்தேன். நல்லா இருந்தா, பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு. "கூட வந்த அந்த இன்னொரு அக்கா எங்க?"ன்னா.

"யாருளா?"

"ஒரு கையால அமுக்கினாவளே, அவங்கதான். மத்த கையில ஒரு பச்சப்பிள்ளை வச்சிருந்தாவ. ஏங்க்கா, அது ஏன் அழவே இல்ல?"