ராகு காலத்தில் பரிஸ் காட்டியவர்

செய்தி வந்தபோது நான் பரிசின் லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் மரியதாஸ் ஐயாவின் மகள். "அங்கிள், அப்பா காலையில தூக்கத்துலயே போயிட்டாரு" என்றாள். உடனே வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு, இன்னொரு எண்ணை அழுத்தினேன். ஒரு மரணம் நடந்தால் எந்த அலுவலகத்தில் பதிய வேண்டும், தேவாலயத்தில் யாரிடம் நேரம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தவர் எங்கள் வட்டத்தில் ஒருவர்தான். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கிய பிறகுதான் யாரை அழைக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. மரியதாஸ் ஐயாவின் மரணத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று மரியதாஸ் ஐயாவிடமே கேட்கப் போயிருக்கிறேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன மாஸ்ரர், பூச்சிக் கத்தரிக்காயோ?" என்று கேட்டார்.

அவரை அறிந்த உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. ஆனாலும் இதைப் படிக்கும் எல்லோரும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வந்தவர்கள் அல்லவே. அவர் புதுச்சேரிக்காரர், கத்தோலிக்கர், பிரெஞ்சுக் குடியுரிமையோடு பிறந்தவர். அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, மகளோடு இருக்க இங்கே வந்தவன். லா சப்பலுக்குப் பக்கத்தில் மார்க்ஸ் டோர்மோயில் ஒரே கட்டடத்தில் குடியிருந்தோம். வகுப்பில் ஒரே கரும்பலகையைப் பங்கிட்டோம். நான் பேசினால் அவருக்குப் பாதிதான் புரியும். அவர் பேசினால் எனக்கு எல்லாம் புரியும், நம்புவதுதான் கடினம்.

ஒரு உதாரணம் சொன்னால் விளங்கும். வகுப்புப் பிள்ளைகளை ஒருமுறை ஊர் பார்க்கக் கூட்டிப்போனோம். செய்ன் ஆறு ஏன் பச்சையாக இருக்கிறது என்று ஒரு சிறுமி கேட்டாள். "மேல ஊருல காலையில எல்லாரும் கீரை அலசுவாங்க" என்றார். இசைநாடக அரங்கின் பெரிய கும்மட்டத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்றான் இன்னொருவன். பென்சன் வாங்கிய பாடகர்கள் என்றார். முப்பது வருடம் பிள்ளைகளின் விடைகளைத் திருத்திய எனக்கு இது பொறுக்கவில்லை. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாமே என்று தனியாகக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "வாத்தியாரே, கேட்டவங்கள வெறுங்கையோட அனுப்பக் கூடாது" என்றார். வீட்டுக்கு வந்தவருக்குத் தேநீர் கொடுப்பதைப் போலத்தான் அவருக்குப் பதில் கொடுப்பதும்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பத்து வருடத்துக்கு மேலாகிறது.

என் மகளுக்கு லண்டனில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. பிள்ளைகள் இருவருக்கும் பிடித்திருந்தது. பையன் பரிசுக்கு வந்து வேலை தேடவும் தயாராக இருந்தான். அவனுடைய தாய் புவனேஸ்வரி அம்மா மட்டும் சம்மதிக்கவில்லை. பெண்தான் லண்டனுக்கு வர வேண்டும், அதுதான் முறை என்றார். என் மனைவி இறந்த பிறகு எனக்கு இருப்பது மகள் மட்டும். தகப்பனைத் தனியே விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். கடைசியில் புவனேஸ்வரி அம்மா ஓர் ஏற்பாட்டுக்கு இறங்கி வந்தார். அவரும் கணவர் தில்லைநாதனும் வந்து பரிசை ஒரு நாள் பார்ப்பார்கள். மகனை விடக்கூடிய ஊர்தானா என்று அன்று மாலை லண்டன் ரயில் ஏறும் முன் முடிவு சொல்வார்கள். மகளுக்கு அன்று வேலை. ஊரைக் காட்டும் பொறுப்பை மரியதாஸ் ஐயா ஏற்றுக்கொண்டார். என் மகளின் கல்யாணம் கீரை அலசிய ஆற்றில் போய்விடுமோ என்று முதல்நாள் இரவு எனக்கு நித்திரையில்லை.

காலையில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு இறங்கினால், வாசலில் புவனேஸ்வரி அம்மா நின்றுவிட்டார். கைப்பையிலிருந்து லண்டன் கோயில் நாட்காட்டியை எடுத்தார். இன்னும் சற்று நேரத்தில் ராகு காலம். ஒரு நல்ல காரியத்துக்காக வந்த இடத்தில் ஊரை முதன்முதலாகப் பார்ப்பது ராகு காலத்திலா? அது முடியும்வரை காத்திருக்கலாம் என்றேன். அப்போது தில்லைநாதன், நல்ல மனிதர், அதிகம் பேசாதவர், என் வீட்டுச் சுவரில் லா சப்பல் கடையின் நாட்காட்டியைக் கண்டதாகச் சொன்னார். அதில் வேறு நேரம் போட்டிருந்தது. லண்டன் சூரியனுக்கு ஒரு கணக்கு, பரிஸ் சூரியனுக்கு ஒரு கணக்கு. ஒன்று முடிகிற இடத்தில் மற்றது தொடங்கியது.

"ரெண்டையும் மதிக்க வேணும்" என்றார் புவனேஸ்வரி அம்மா. "மாப்பிளை அங்கை, பொம்பிளை இஞ்சை. ஒரு பக்கத்து நேரத்தை மட்டும் பாக்கேலாது."

அப்படியானால் பகல் சாப்பாட்டு நேரம்வரை வீட்டுக்குள் இருக்க வேண்டும். மீதி என்ன கிடைக்கும்? நான் மரியதாஸ் ஐயாவைப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, திரும்பப் போட்டுக்கொண்டார். ஒரு பதில் தயாராகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

"அம்மா, ராகு எங்க இருக்காரு? வானத்துல. மண்ணுக்கு அடியில அவருக்கு என்ன வேலை? இன்னிக்குக் காலையில நாம பரிசைக் கீழ இருந்து பாப்போம்."

ஒரு கத்தோலிக்கர் ராகுவின் எல்லையை அளந்து சொன்னதில் புவனேஸ்வரி அம்மா எதைக் கண்டாரோ தெரியாது, "அதுகும் சரிதான்" என்றார். லா சப்பல் நிலையம் பாலத்தின் மேலே இருப்பதால் அது விலக்கு. மார்க்ஸ் டோர்மோய் நிலையத்தில் படியிறங்கி, பன்னிரண்டாம் இலக்க மெத்ரோ சுரங்க ரயிலில் ஏறினோம்.

அதன் பிறகு நடந்ததை நீங்கள் நம்ப வேண்டும். பரிசுக்கு வந்த மனிதர்களுக்கு அவர் மெத்ரோ நிலையங்களைச் சுற்றிக் காட்டினார். கொன்கோர்ட் நிலையத்தில் கூரைவரை ஒவ்வொரு ஓட்டிலும் ஓர் எழுத்தாகப் பதித்த சுவர் இருக்கிறது. மனித உரிமைப் பிரகடனம் அது. அதை அவர் சரியாகத்தான் சொன்னார். எழுதியவர்களுக்கு இடைவெளி விட்டுப் பத்தி பிரிக்க நேரமில்லை, புரட்சி அவசரம் என்றும் சேர்த்துக்கொண்டார். லூவ்ர் அருங்காட்சியகத்துக்கான நிலையத்தின் மேடையில் கண்ணாடிக்குள் சிலைகளின் பிரதிகள் இருந்தன. மேலே போனால் வரிசை, கூட்டம், கால்வலி. இங்கே உட்கார்ந்தே பார்க்கலாம் என்றார். தில்லைநாதன் எல்லாவற்றையும் படம் பிடித்தார். தலையில்லாத ஒரு சிலையின் முன்னால் புவனேஸ்வரி அம்மா நெடுநேரம் நின்றார். "பரிஸ் வடிவாத்தான் இருக்கு. வானம்தான் இல்லை" என்றார். சம்பந்தம் கைநழுவுகிறது என்று நினைத்தேன்.

ஆனால் எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. புவனேஸ்வரி அம்மா ஒவ்வொரு நிலையத்திலும் வேண்டுமென்றே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். பதிலைக் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிச் சேலைத் தலைப்பைச் சரிசெய்வார்.

அடுத்து ஈஃபில் கோபுரம். எத்துவால் நிலையத்தில் ஆறாம் இலக்க ரயிலுக்கு மாறி, திரொக்கதேரோவில் இறங்கி, ராகு காலம் முடியும்வரை நிலையத்துக்குள்ளேயே காத்திருந்து, பிறகு படியேறினால் எதிரே கோபுரம் முழுதாக நிற்கும். அதுதான் திட்டம், நல்ல திட்டம். ஆனால் புவனேஸ்வரி அம்மா நெப்போலியனுக்கு மாமியாரோடு ஒத்துப்போனதா என்று கேட்டுவிட்டார். மரியதாஸ் ஐயா பதிலைத் தொடங்கினார். பதில் நீண்டது. திரொக்கதேரோ வந்தது, கதவு திறந்தது, மூடியது, மாமியார் கதை முடியவில்லை. அதற்கு அடுத்த நிலையத்தில் ரயில் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்து, பாலத்தில் ஏறி ஆற்றைக் கடக்கும் என்பது எங்கள் கட்டடத்தில் எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். பெட்டிக்குள் திடீரென்று வெயில் விழுந்தபோதுதான் அவருக்கு நினைவு வந்தது.

"கண்ண மூடுங்க! எல்லாரும் கண்ண மூடுங்க!"

மூடினோம். நான் ராகு காலம் பார்ப்பவன் இல்லை. ஆனாலும் மகளை நினைத்து மற்றவர்களைவிட இறுக்கமாக மூடினேன். பரிசிலேயே அழகான காட்சி என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பாலத்தில், கழுத்தை நீட்டிக்கொண்டு நின்ற உல்லாசப் பயணிகளுக்கு நடுவே, தமிழர்கள் நாங்கள் இமைகளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எதிரே இருந்த ஒரு முதிய பிரெஞ்சுப் பெண்மணி, ஏதும் சுகமில்லையா என்று மெதுவாகக் கேட்டது காதில் விழுந்தது. மரியதாஸ் ஐயா கண்ணைத் திறக்காமலே பிரெஞ்சில் பதில் சொன்னார்: எங்கள் ஊரில் ஒரு பாலத்தை முதன்முதலாகக் கடக்கும்போது கண்ணை மூடி வணங்குவது வழக்கம், மதாம். அந்த அம்மாள், "எவ்வளவு அழகான வழக்கம்" என்றார்.

அக்கரையில் இறங்கி, கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேடையில் கிடந்த வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தோம். இரண்டு நாட்காட்டிகளும் ஒத்துக்கொண்ட பிறகு நடந்துபோய்க் கோபுரத்தைப் பார்த்தோம். புல்வெளி ஓரத்தில் அமர்ந்து புட்டைப் பிரித்தோம். புவனேஸ்வரி அம்மா மலர்ந்திருந்தார். காரியம் கைகூடிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அப்போது தில்லைநாதன் தன் கமராவை நீட்டி, உங்கள் முகங்களைப் பாருங்கள் என்றார். பாலத்தில் எடுத்த படம். ஜன்னலுக்கு வெளியே முழுக் கோபுரம். உள்ளே கண்ணை மூடிய நான், கண்ணை மூடிய மரியதாஸ் ஐயா, எதிரே மரியாதைக்காகத் தானும் கண்ணை மூடிக்கொண்ட அந்தப் பிரெஞ்சு அம்மாள். நடுவே புவனேஸ்வரி அம்மா. அவருடைய ஒரு கண் நன்றாகத் திறந்திருந்தது.

"நீங்கள் பாத்தனீங்களோ?" என்று புவனேஸ்வரி அம்மா கணவரிடம் பாய்ந்தார்.

"நான் கமராவுக்குள்ளாலைதான் பாத்தனான். அது கணக்கில்லை" என்றார் தில்லைநாதன்.

யாரும் சிரிக்கவில்லை. புவனேஸ்வரி அம்மா கையிலிருந்த புட்டைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். அவர் நடிக்கவில்லை, உண்மையாகவே பயந்துவிட்டார். ஒரே மகன். முதற்பார்வை ராகு காலத்தில் விழுந்துவிட்டது. "அப்ப இந்தச் சம்பந்தம்?" என்று மரியதாஸ் ஐயாவைக் கேட்டார். "சொல்லுங்கோ ஐயா, இதாலை பிள்ளையளுக்கு ஏதும் வருமோ?"

நான் அவருடைய தொப்பியைப் பார்த்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் தோஷமில்லை என்றோ, ஒற்றைக் கண் பாதிக் கணக்கு என்றோ ஏதாவது வரும். வர வேண்டுமே என்றுதான் அந்த நேரத்தில் நானும் வேண்டிக்கொண்டேன். அவர் தொப்பியைத் தொடவில்லை.

"தெரியாதும்மா" என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதலில் கேட்டேன். பிறகு சொன்னார்: "நானும் எம் பொண்டாட்டியும் நல்ல நேரம் எதுவும் பாக்கல. கடைசி வரைக்கும் சண்டை போட்டோம். நேரம் பாத்திருந்தா சண்டை கொறஞ்சிருக்குமா? தெரியாது. இப்ப சண்டை போட ஆள் இல்ல, அது எனக்குத் தெரியும். வாத்தியாருக்கு அவரு பொண்ணு ஒருத்திதாம்மா."

புவனேஸ்வரி அம்மா கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியைத் திறந்து புட்டை எடுத்தார். "காலமையிலையிருந்து கேட்டதுக்கெல்லாம் ஒரு புளுகு வச்சிருந்தியள். எனக்கு விளங்காதெண்டு நினைச்சியளோ? இதுக்கு உங்களிட்டையே கதை இல்லையெண்டா, ராகுவிட்டையும் இராது." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "பொடியன் இஞ்சை வரட்டும் மாஸ்ரர். குழம்புக்கு உப்புக் காணாது."

கல்யாணம் லா சப்பலில் நடந்தது. இப்போது மகளோடும் மருமகனோடும் பரிசுக்கு வெளியே கார்ஜ் என்ற ஊரில் இருக்கிறேன். மகளோடு சண்டை போடாத நாளில்லை.

இறுதித் திருப்பலி வெள்ளிக்கிழமை பத்தரைக்கு என்று முடிவானபோது, சம்பந்தி அம்மாவுக்குத் தொலைபேசியில் நேரத்தைச் சொல்லித் தயங்கினேன். "ரெண்டு கலண்டரும் பாத்திட்டன், வாறம்" என்றார். வந்தார்கள். தேவாலய வாசலில் சம்பந்தி அம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தார்.

சவப்பெட்டிக்கு அருகே ஐயாவின் மகள் ஒரு படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தாள். பாலத்தில் எடுத்த அந்தப் படம்தான். வருடக்கணக்காக அவர் வீட்டுச் சமையலறைச் சுவரில் இருந்ததாம். எங்களை வெட்டிவிட்டு அவரை மட்டும் எடுத்திருந்தாள்: தொப்பி, இறுக மூடிய கண்கள், பின்னால் வெயில். அவருடைய பழைய அலுவலகத் தோழி போலத் தோன்றிய ஒரு பிரெஞ்சுப் பெண்மணி என் பக்கம் சாய்ந்து, படத்தில் ஏன் கண்ணை மூடியிருக்கிறார் என்று கேட்டார்.

ராகு காலத்தை என் பிரெஞ்சில் விளக்குவது முடியாத காரியம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லும்படி ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆனால் கேட்டவர் வெறுங்கையோடு போகக் கூடாது.

"எங்கள் ஊரில் ஒரு பாலத்தை முதன்முதலாகக் கடக்கும்போது கண்ணை மூடி வணங்குவது வழக்கம், மதாம்" என்றேன்.

அவர் தலையைத் தாழ்த்தினார். என்ன சொன்னேன் என்று சம்பந்தி அம்மா கேட்டார். சொன்னேன். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பெண்மணியைப் பார்த்து, "ஓம் ஓம், வழக்கம்" என்று தமிழிலேயே உறுதிப்படுத்தினார்.

மரியதாஸ் ஐயா, உங்களிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்த ஒரு புளுகு. பத்திரமாக வைத்திருக்கிறேன்.