கவிழ்ந்ததை மட்டும் கேட்கும் கேமராக்காரர்கள்

ரேஸ் டிராக்கில் கவிழ்ந்த காரை நிமிர்த்துகிறவனை, அவன் வேலை செய்கிற நாளில் ஒருவனும் திரும்பிப் பார்ப்பதில்லை; வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகத் தேடி வருகிறார்கள்.

நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கோயமுத்தூரில் லேத் பட்டறை, பிறகு லாரி, பிறகு கிரேன் என்று போய், கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு ரேஸ் டிராக்கில் மீட்பு வண்டி ஓட்டினேன். கார் மோதினாலோ கவிழ்ந்தாலோ முதலில் ஓடுகிற கூட்டம் எங்களுடையது. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காரை எட்டியதும் இரண்டு பேர் ஒரு பெரிய துணியைத் திரை மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொள்வார்கள். கேலரியில் ஓட்டுகிறவனின் பெண்டாட்டி இருப்பாள், பெத்தவள் இருப்பாள். அவர்கள் கண்ணில் எதுவும் படக்கூடாது. துணிக்கு உள்ளே நானும் டாக்டரும் மட்டும். உள்ளே பார்த்ததை வெளியே வந்து பேசக்கூடாது. வீட்டிலும் பேசக்கூடாது. யாரும் சட்டம் போடவில்லை. அதனால்தான் ஒழுங்காக நடந்தது.

இப்போது ரேஸ் ஓட்டுகிறவர்களைப் பற்றியும் அதில் உள்ள ஆபத்தைப் பற்றியும் ஆவணப்படம் எடுப்பது தனித் தொழிலாகிவிட்டது. சனங்கள் செல்போனில் பார்க்கிறார்கள், கண் கலங்குகிறார்கள், விரலால் அடுத்ததைத் தள்ளுகிறார்கள். உங்கள் வாசலிலும் யாராவது வந்து நின்று, சட்டையில் மைக்கை மாட்டிவிட்டு, "உங்க வாழ்க்கையிலயே ரொம்பக் கஷ்டமான நாளைச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தால் நீங்களும் நம்ம ஆள்தான். வாருங்கள், சேர்ந்து வயிறெரிவோம்.

ஆனைமலைக்காரர்

கதிர்வேலு ஆனைமலைக்காரர். தென்னந்தோப்புக் குடும்பம். தேங்காய் விற்ற காசைக் காரில் கொட்டுகிறான் என்று சொந்தக்காரர்கள் பேசியதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ரேஸ் ஓட்டியவர். ஒரு வருஷம் கொட்டுகிற மழையில் போட்டி நடந்தது. கடைசி வரிசையில் கிளம்பினார். மற்றவர்கள் வளைவில் பயந்து பயந்து பிரேக்கை அழுத்த, இவர் தண்ணீர் தேங்காத வெளி ஓரமாகவே வண்டியை விட்டு ஒவ்வொருவராகத் தாண்டி முதலில் வந்தார். நான் கிரேன் மேல் நின்று பார்த்தேன். குடையை வீசிவிட்டுக் கைதட்டினேன். அடுத்த வருஷம் அதே டிராக்கில் கவிழ்ந்தார். வெளியே எடுத்தது நான்தான். இடது கால் இருக்கிறது, உதவாது. ஊன்றுகோலோடு இப்போது கயிறு மில்லைப் பார்த்துக்கொள்கிறார்.

முதல் படக்காரர்கள் வந்தபோது மனுஷன் எத்தனை சந்தோஷப்பட்டார் என்கிறீர்கள்! கோப்பையைத் துடைத்து வைத்தார். மழையில் ஜெயித்த வீடியோவைத் தேடி எடுத்துக் கொடுத்தார். இளநீர் வெட்டிக் கொடுத்து, மத்தியானம் கோழிக்குழம்பு ஊற்றி அனுப்பினார். படம் வந்தது. மழையும் இல்லை, கோப்பையும் இல்லை. கார் கவிழ்கிறது. பக்கவாட்டில் இருந்து கவிழ்கிறது. மேலே இருந்து கவிழ்கிறது. பிறகு மெதுவாகக் கவிழ்கிறது. மில்லில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். செல்போனைத் தேங்காய் நார்க் குவியல் மேல் குப்புற வைத்தார். "எல்லாப் படத்துலயும் நான் கவுந்துட்டே கெடக்கப் போறனாட்ட இருக்குதுங்ணா. ஏதாச்சும் ஒரு படத்துலயாவது நான் ஜெயிக்கோணுமுங்ணா" என்றார்.

உசுரோட இருக்காரா?

அடுத்து ஒரு பெண் போனில் பேசியது. குரல் தேன் மாதிரி. கதிர்வேலு சாரைப் பற்றிப் பெரிய படம், வெளிநாட்டில் எல்லாம் காட்டுவார்கள் என்றது. எனக்கும் ஆசை வந்துவிட்டது. மழையில் ஜெயித்த கதையை ஆரம்பித்தேன். அதைப் பிறகு பேசலாம் என்றது. அவருடைய கடைசி நாள் எப்படிப் போனது, காலையில் என்ன சாப்பிட்டார், ஏதாவது தப்பாகத் தோன்றியதா என்று கேட்டது.

"கடைசி நாளுங்களா? இன்னைக்குக் காத்தால பணியாரம் சாப்ட்டாருங்க அம்மணி. நாந்தான் கூட இருந்தேன்" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். பெருமூச்சு கேட்டது. ஒரு மனுஷன் உயிரோடு இருப்பதற்கு இப்படிப் பெருமூச்சு விட்டு நான் கேட்டதில்லை. அந்தப் பெண் சொன்னது: "ஓ... உயிரோட இருக்காரா? அப்ப முடிவு கொஞ்சம் வீக்கா இருக்குமே சார்!"

உக்கடத்துக் கார்

மூன்றாவதாக வந்தவர்களுக்கு உண்மையில் கவிழ்ந்த வீடியோ பத்தவில்லை. தாங்களே கவிழ்த்துப் படம் பிடிக்க வேண்டுமாம். உக்கடத்தில் பழைய வண்டி வாங்கி உடைத்து விற்கிற ஷாஜகான் பாய் எனக்கு வெகுநாள் பழக்கம். அவரிடம் கூட்டிப்போகச் சொன்னார்கள். போனால், ஓடுகிற நிலையில் இருந்த ஒரு காரை வாங்கி, அதில் கதிர்வேலுவின் நம்பரை எழுதச் சொல்லி, என்னைக் கிரேனால் புரட்டிவிடச் சொன்னார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "ஆயுசு பூரா நிமித்தின கை இது. கவுக்கறதுக்கு வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் என்னை விட்டுவிட்டு ஒரு பொக்லைன்காரரைப் பிடித்தார்கள். பெயிண்ட் ஈரமாகவே காரை ஏற்றிக்கொண்டு போக அவசரப்பட்டார்கள். கூட வந்த பையனுக்கு ஹெல்மெட்டை மாட்டி, கன்னத்தில் சிவப்புச் சாயத்தைத் தடவி, வலியில் கத்திப் பழகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் கத்திய கத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். பாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து அந்தப் பையனிடம் சொன்னார்: "தம்பி, பெயிண்ட் காயட்டும். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துச் சாவுங்க."

பேரம்

நிவாஸ் என்ற தம்பி வந்தது அதற்குப் பிறகு. சென்னைப் பிள்ளை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, காலைத் தொட்டுக் கும்பிட்டு, ஐயா ஐயா என்று உருகியது. நிதானமாகக் கேட்டது. மழையில் ஜெயித்த வீடியோவை முழுசாகப் பார்த்தது. கட்டாயம் படத்தில் வரும் என்றது. ஒரே ஒரு நிபந்தனை. துணிக்குள்ளே என்ன நடந்தது என்று நான் கேமரா முன்னால் சொல்ல வேண்டும். வேறு எந்தப் படத்திலும் அது இல்லையாம். அதைச் சொன்னால் மழை வீடியோவைப் போடுமாம், சொல்லாவிட்டால் தயாரிப்பாளர் ஒத்துக்கொள்ள மாட்டார். சந்தையில் துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து மாட்டுக்கு விலை பேசுகிறார்களே, அந்த மாதிரி இருந்தது எனக்கு. முடியாது என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் கதிர்வேலு ஆனைமலையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். ஊன்றுகோலை என் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"சொல்லிப்போடுங்ணா."

"கதிரு, அது உங்குளுக்கும் எனக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரிஞ்சது. மல்லிகாவுக்கே தெரியாது." மல்லிகா அவர் சம்சாரம். அன்றைக்குக் கேலரியில் இருந்தாள்.

"தெரியட்டுமுங்க."

"ஒரு தடவ சொல்லிட்டா அப்பறம் அத்தன பேரும் வந்து கேப்பானுங்க."

"கேக்கட்டுமுங்க. என்ற பொண்ணு காலேஜுல அவ சிநேகிதிங்க எல்லாம் நான் கவுந்ததப் பாத்துப்போட்டு அவகிட்ட வந்து உச்சுக் கொட்டறாங்களாமா. எங்கப்பன் ஜெயிச்சவருன்னு அவ சொன்னா, அது எங்கடி இருக்குதுன்னு கேக்கறாங்களாமா." என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ற காலு போனதுங்கூட எனக்கு இத்தன வலிக்கலீங்ணா."

கொஞ்சம் அழ முடியுங்களா

சொன்னேன். வீட்டுக் கூடத்தில் விளக்கெல்லாம் வைத்து, மின்விசிறியை நிறுத்தி, வேர்க்க வேர்க்க உட்கார வைத்தார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். கார் தலைகீழாகக் கிடந்தது. கதிர்வேலு பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. நான் குனிந்து உள்ளே போனதும், "வழி உடாம வந்து இடிச்சுப்போட்டானுங்ணா அந்தப் பெங்களூர்க்காரன்" என்று வைதார். அப்புறம், "மல்லிகா வந்திருக்குதுங்ணா, துணியப் புடிச்சாச்சுங்களா?" என்று கேட்டார். பிடித்தாச்சு என்றேன். அதற்குப் பிறகுதான் பல்லைக் கடித்துக்கொண்டு காலைப் பார்த்தார். நான் பெல்ட்டை அறுத்தேன். அவ்வளவுதான்.

நிவாஸ் தம்பி முகம் சுருங்கிவிட்டது. கத்தினாரா என்று கேட்டது. இல்லை என்றேன். அழுதாரா? இல்லை. அப்போ நீங்கள் அழுதீர்களா? பெட்ரோல் சொட்டும்போது எவனாவது அழுதுகொண்டிருப்பானா என்றேன். கேமராக்காரரிடம் என்னவோ இங்கிலீஷில் பேசியது. பிறகு என் தோளைத் தடவி, குரலைத் தாழ்த்தி, மிக மரியாதையாகக் கேட்டது: "பரவால்ல ஐயா, இப்பச் சொல்லும்போது கொஞ்சம் அழ முடியுங்களா?"

மிளகாய்

நான் சொன்னது மல்லிகா காதுக்குப் போய்விட்டது. என்னைக் கூப்பிட்டு, "அந்தத் துணிக்குப் பின்னால என்ன நடந்துச்சுன்னு இத்தன வருசத்துல ஒரு நாளாவது உங்குளக் கேட்டிருப்பனுங்களா?" என்றாள். என் கோபம் எல்லாம் நிவாஸ் பேரில் திரும்பியது. அவளுக்கும் அப்படித்தான். ஜெயித்த வீடியோவைத் தூண்டிலில் மாட்டித் தன் புருஷனையும் என்னையும் இழுத்தவன் என்றாள். ஆனைமலை மாசாணியம்மனிடம் போய் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வருவோம் என்றாள். அநியாயம் செய்தவன் பேரைச் சொல்லி வரமிளகாய் அரைத்து அங்கே கல்லில் பூசுவது எங்கள் பக்கத்து வழக்கம். நியாயம் கிடைக்கும் வரைக்கும் அவனுக்கு எரியும் என்று நம்பிக்கை. போனோம். இரண்டு பேருமே அரைத்தோம். நான் அந்தத் தம்பி பேரோடு தயாரிப்பாளரையும் சேர்த்துக்கொண்டேன்.

திரும்பி வந்தால் கதிர்வேலு வீட்டு வாசலில் நிவாஸும் கேமராவும் நிற்கிறது! கதிர்வேலு ஒன்றும் தெரியாமல் போனில், மிளகாய் அரைக்கக் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். இந்தத் தம்பியோ, புருஷன் கால் சரியாக வேண்டி மனைவி செய்கிற வேண்டுதல் என்று தானாகவே முடிவு கட்டிவிட்டது. கோயிலுக்குள் கேமரா விடமாட்டார்களே, அதனால் புழக்கடையில் இருக்கிற அம்மியில் இன்னொரு தடவை அரைத்துக் காட்டச் சொல்லிக் கெஞ்சியது. நான் கத்த வாயெடுத்தேன். மல்லிகா கையைக் காட்டி நிறுத்தினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கை மிளகாயை அள்ளி அம்மியில் போட்டு, அந்தப் பையன் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "எத்தன தடவ வேணும்னாலும் அரைக்கறனுங்க தம்பி. உங்க முழுப்பேரு மட்டும் என்னன்னு சொல்லுங்க."

அவினாசி ரோட்டில்

படத்தை அவினாசி ரோட்டில் ஒரு கல்லூரி அரங்கத்தில் போட்டார்கள். கதிர்வேலு புது வேட்டி கட்டி வந்தார். மகளும் அவள் சிநேகிதிகளும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் கூட்டி வரச் சொன்னதே இவர்தான். மல்லிகா எனக்கும் அவருக்கும் நடுவில். நான் பெல்ட்டை அறுத்த கதை வந்தபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பையன் சொன்ன வாக்கை மீறவில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். மழை வந்தது. கதிர்வேலு என் முட்டியை அழுத்திப் பிடித்தார். அவருடைய கார் கடைசி வரிசையிலிருந்து கிளம்பியது.

ஆனால் ஓடவில்லை. மிதந்தது. சுடுகாட்டுக்குப் போகிற வண்டி மாதிரி அவ்வளவு மெதுவாக்கி இருந்தார்கள். இன்ஜின் சத்தத்தை எடுத்துவிட்டு வயலினை இழுத்தார்கள். அவர் ஒருவரைத் தாண்டுகிறார், ஒரு பெண் குரல், "அவருக்குத் தெரியாது" என்கிறது. இன்னொருவரைத் தாண்டுகிறார், "விதி காத்திருந்தது" என்கிறது. கொடி விழுந்தபோது அரங்கத்தில் ஒருவர் கைதட்டவில்லை. எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். நான் தட்டினேன். முன்னால் இருந்தவர் திரும்பி, கொஞ்சம்கூட இரக்கமில்லாதவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். விளக்குப் போட்டதும் மகளின் சிநேகிதிகள் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதிர்வேலுவின் கையை ஒவ்வொருவராகத் தொட்டுவிட்டுப் போனார்கள், துக்கம் விசாரிப்பது போல. மகள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகும் அவர் எழவில்லை. வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "நான் ஜெயிச்சதுக்கும் ஒப்பாரி வெச்சுப்போட்டாங்களேங்ணா!"

இனிமேல் என் வாசலுக்குக் கேமராவோடு எவன் வந்தாலும், கவிழ்ந்ததையும் சொல்லப் போவதில்லை, ஜெயித்ததையும் சொல்லப் போவதில்லை. வாங்க, உட்காருங்க, சாப்ட்டீங்களா என்று கேட்டு, மரியாதை கொஞ்சமும் குறையாமல், வந்த பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டு வருவேன்.