பிறை பார்க்க ஒரு பைனாகுலர்

எங்கள் மொட்டை மாடியில் பிறை பார்ப்பவர்களில் எனக்கு எப்போதுமே கடைசி இடம். சோடா புட்டிக் கண்ணாடி போட்டவள் நான். இருபத்தொன்பதாம் நோன்பு திறந்ததும், கஞ்சி குடித்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் பெண்களெல்லாம் மாடிக்கு ஓடுவோம். பக்கத்துத் தெருவில் இருக்கும் என் நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். கடைசிப் படியில் கால் வைக்கும்போதே, "அந்தா! நூலு மாதிரி!" என்று கையை நீட்டிவிடுவார். நானும் பார்ப்பேன். மேகம் தெரியும், செல்போன் டவர் தெரியும், டவர் மேல் காக்கா தெரியும். பிறை தெரியாது.

"எனக்குத் தெரியலையே மதினி."

"மொதல்ல கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாரு புள்ள. வடை பொரிச்ச எண்ணெயெல்லாம் அதுலதான் இருக்கு" என்பார், அக்கம்பக்கத்து நாலு மாடிக்கும் கேட்கும்படி. நாலு மாடியும் சிரிக்கும்.

பெருநாள் என்றைக்கு என்பதைப் பள்ளிவாசல் மைக்தான் சொல்லும். மதினி சொல்லி ஊரில் எதுவும் மாறப்போவதில்லை. ஆனால் எங்கள் மாடியில் அவர் வைத்ததுதான் சட்டம். எனக்கோ, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட என் கண்ணால் பிறை பார்க்கவில்லையே என்று நிஜமாகவே வருத்தம். வருத்தத்தோடு கொஞ்சம் வெறியும் உண்டு. மதினிக்கு முன்னால் ஒரே ஒரு முறை பார்த்து, அதே நாலு மாடிக்கும் கேட்கிற மாதிரி கத்திவிட வேண்டும். அதற்காகத்தான் பைனாகுலர் வாங்கக் கிளம்பினேன்.

முதலாவதை ஆன்லைனில் வாங்கினேன். பெட்டியில் அறுபது மடங்கு, இருட்டிலும் தெரியும் என்றெல்லாம் போட்டிருந்தது. லென்ஸ் மாதுளம்பழச் சிவப்பில் மினுங்கியதும் மயங்கிவிட்டேன். கண்ணில் வைத்துப் பார்த்தால் திண்டுக்கல்லே பாசி பிடித்துக் கிடந்தது. மலைக்கோட்டை பச்சை, மாடியில் காய்ந்த என் வெள்ளைத் துப்பட்டா பச்சை. என் கணவர் தோல் வியாபாரி. எந்தப் பொருளைக் கொடுத்தாலும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத் தரம் சொல்கிற வியாதி அவருக்கு உண்டு. பைனாகுலரையும் அப்படியே திருப்பிப் பார்த்து, "சாயம் போட்டு ஓட்டையை மறைச்சிருக்கான். கழிவு" என்றார். திருப்பி அனுப்பினோம்.

இரண்டாவது அவருடைய தேர்வு. கொடைக்கானலுக்குப் போனபோது, ஏரிக்கரைக் கடையில் அரை மணி நேரம் பேரம் பேசி வாங்கினார். ஆளை அசத்துகிற கறுப்பு, தோளில் மாட்டத் தடித்த வார், நல்ல கனம். வாங்குவதற்கு முன்னால் பார்க்கத்தான் செய்தார். அன்றைக்கு மலையெல்லாம் ஒரே பனிமூட்டம். எதை வைத்துப் பார்த்தாலும் வெள்ளையாகத்தான் தெரிந்திருக்கும். மனுஷன், "ஒரு புள்ளி இல்ல, சுத்தமா இருக்கு" என்று காசை எடுத்து நீட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து மாடியில் ஏறிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி ரெண்டு. டவர் ரெண்டு. எதிர்வீட்டுக்காரம்மாள் ஒருவராக இருக்கும்போதே தாங்காது, அவரும் ரெண்டு. இரண்டு குழாய்களும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. கணவர் பார்த்தார், எதிர்வீட்டம்மாளும் வந்து பார்த்தார், எல்லோருக்கும் ரெண்டுதான்.

"ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாரு, சரியாயிரும்" என்றார் கணவர்.

"அப்ப ரெண்டு குழாய்க்கு எதுக்குக் காசு குடுத்தீங்க?"

பைனாகுலர் சரியில்லை என்று மதினியிடம் போனில் புலம்பினேன். என்ன ஏது என்று கேட்டால்தானே! "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கூடம் நிஜமாகவே கோணல், அல்லாவே, யாரிடம் போய்ச் சொல்வேன்?

மூன்றாவதை நானே தேடினேன். எட்டு மடங்குதான், பார்க்கவும் சோப்பு டப்பா மாதிரி அடக்கமாக இருந்தது. இந்தத் தடவை பெட்டியில் இருந்த எழுத்தை நம்பவில்லை. கையை நீட்டிப் பிடித்து, வெளிச்சத்துக்கு நேராக அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன். உள்ளே தெரிகிற வெளிச்சப் புள்ளி வட்டமாக இருக்க வேண்டும், மூலை வெட்டின மாதிரி இருந்தால் உள்ளே மட்டமான கண்ணாடி என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. வட்டமாகத்தான் இருந்தது. அடுத்தது கம்பியில் உட்கார்ந்த காக்கா. மட்டமான பைனாகுலரில் வெளுத்த வானத்துக்கு முன்னால் காக்காவுக்குக் கத்திரிப்பூ நிறத்தில் ஜரிகை கட்டிவிடும். இதில் ஓரமாக ஒரு இழைதான், மன்னித்துவிட்டேன். மெயின் ரோட்டில் போன பஸ்ஸின் போர்டில் ரெட்டியார்சத்திரம் என்று எழுத்துக்கூட்டாமல் படிக்க முடிந்தது. கண் வைக்கும் இடத்து ரப்பரை மடித்துவிட்டால் என் கண்ணாடியைக் கழற்றாமலே முழுக் காட்சியும் கிடைத்தது. எல்லாவற்றையும்விட, எதிர்வீட்டம்மாள் ஒருவராகவே இருந்தார். அல்ஹம்துலில்லாஹ்!

அந்த வருஷ இருபத்தொன்பதாம் நோன்பு அன்று சூரியன் முழுசாக இறங்கும்வரை பைனாகுலரைப் பையிலேயே வைத்திருந்தேன். பிறை பார்க்கிறேன் என்று வெயிலைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள நான் என்ன பைத்தியமா? பிறகு மேற்கே கொடைக்கானல் மலைக்கு மேலே அங்குலம் அங்குலமாகத் தேட ஆரம்பித்தேன். ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் மூச்சு வாங்கிக்கொண்டு மதினி வந்துவிட்டார். மாடிச் சுவரில் அந்தக் கறுப்புப் பைனாகுலர் சும்மா கிடந்தது.

"சின்னத நீ வச்சுக்கிட்டு பெருச இங்க போட்டு வச்சிருக்க? ஒனக்குப் பாக்கவே தெரியல புள்ள" என்று அதை எடுத்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் இரண்டு கண்ணையும் அகல விரித்து, டவர் உச்சிக்கு நேராக வைத்த மறு நொடி, "அந்தா! நூலு மாதிரி!"

நாலு மாடியும் திரும்பியது. மெதுவாகக் கேட்டேன், "எத்தன தெரியுது மதினி?"

"கேக்குறா பாரு கேள்வி! பிறை எத்தன இருக்கும்? ஒண்ணுதான். பளிச்சுன்னு ஒத்தக் கீத்து!"

ஒன்றா! தண்ணீர்த் தொட்டி ரெண்டு, டவர் ரெண்டு, பிறை மட்டும் ஒன்றா? இத்தனை வருஷமும் படியில் கால் வைத்தவுடன் பார்த்தது இப்படித்தானா? அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்தது. சிரிப்பை மறைக்கப் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டேன். குலுங்கிய குலுங்கலில் அது டவரைவிட்டு இடது பக்கம் வெகு கீழே இறங்கிப்போனது. அங்கே இருந்தது பிறை.

வெட்டிப்போட்ட நகத்துண்டு கனம்கூட இல்லை. சாய்ந்து, வெளிறி, நான் மூச்சுவிட்டால் போய்விடும்போல இருந்தது. கத்த வேண்டும் என்று இத்தனை வருஷம் காத்திருந்தவளுக்குக் கத்தவே மறந்துபோனது. கண்ணாடிக்குள் கண்ணீர் வழிந்தது. மதினியின் கையைப் பிடித்து இழுத்து, என் பைனாகுலரைக் கொடுத்து, அவர் முகத்தைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பினேன்.

மதினி பார்த்தார். அப்புறம் எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "ஏத்தா, இம்புட்டு மெலிசாவா இருக்கும்?" என்றார்.

பள்ளிவாசலிலிருந்து வந்த கணவர் படியேறிக்கொண்டே, "யாருக்கு மொதல்ல தெரிஞ்சுச்சு?" என்று கேட்டார்.

மதினி என்னைப் பார்த்தார். "மதினிக்குத்தான்" என்றேன். எப்படித்தான் வாயில் வந்ததோ!

"இதுலயாக்கா பாத்த?" என்று கணவர் அந்தக் கறுப்புப் பைனாகுலரை எடுத்து மேற்கே திருப்பினார். "அட, நெசந்தான். ஆனா ரெண்டு பிறையில்ல தெரியுது! இதுல எதப் பாத்தாலும் ரெண்டாத்தான தெரியும்?"

மதினி மெல்ல என் பக்கம் திரும்பினார். நான் டவரைப் பார்த்தேன்.

"எனக்கும் ரெண்டுதான் தெரிஞ்சுச்சு" என்றார் மதினி. "பெருநாளு ஒண்ணுதான? அதான் ஒண்ணுன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு என் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினார். கிள்ளிய கையாலேயே என் பைனாகுலரை மறுபடி கண்ணுக்குத் தூக்கியவர், பள்ளிவாசல் மைக் பெருநாளை அறிவித்து எல்லோரும் கீழே இறங்கிய பிறகும், பிறை மலைக்குப் பின்னால் போகும்வரை எனக்குத் திருப்பித் தரவே இல்லை.