லோடோடு ஓட்டிப் பாருங்க என்றவர்

செய்தி வந்தபோது என் ஸ்டிக்கர் கடை வாசலில் ஒரு புது பிக்கப்பின் நெற்றியில் 'குலதெய்வம் துணை' என்று ஒட்டிக்கொண்டிருந்தேன். 'துணை' மட்டும் பாக்கி. அலைபேசியில் வேலு. "அண்ணா, அக்கா போயிட்டாங்க. காலைலதானுங்க" என்றான். உடனே வைத்துவிட்டான். என் முகத்தைப் பார்த்த வண்டிக்காரர் யார், என்ன என்று விசாரித்தார். மோகனூர் தங்கமணி அக்கா என்றேன். "அடடா, நல்ல மனுசிங்க" என்று தலையை ஆட்டிவிட்டு, "சாவுச் சேதி கேட்ட கையோட ஒட்ட வேண்டாம் தம்பி, நாளைக்கு வாரேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று முழுவதும் அந்த வண்டியின் குலதெய்வம் துணையில்லாமல் சேலம் சாலையில் போய்வந்தது. அக்காவிடம் இதைச் சொல்லியிருந்தால் ரசித்திருப்பார் என்று தோன்றிய பிறகுதான், இனிமேல் சொல்ல முடியாது என்பது உறைத்தது.

நம் பிக்கப் ஸ்டாண்டில் அவரைத் தெரியாதவர் குறைவு. இருந்தாலும் புதிதாக வந்த தம்பிகளுக்காகச் சொல்கிறேன். மோகனூர்ப் பக்கம் ஒரு சிறிய கோழிப்பண்ணை அவருடையது. கணவர் சீக்கிரமே போய்விட்டார். முட்டையை வியாபாரியின் லாரியில் ஏற்றிவிட்டு அவர் சொல்லும் விலையைக் கேட்டுக்கொண்டிருக்க அக்காவுக்குப் பிடிக்கவில்லை. சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கி, ராசிபுரம் வழியாகச் சேலம் வரை கடை கடையாகப் போட்டார். ஓட்டியவன் வேலு. அந்தப் பழைய வண்டி தேய்ந்து ஓயும்வரை அவன்தான் ஓட்டினான். ஒரு கீறல் கிடையாது. மேட்டில் பிரேக் போட்டால்கூட முட்டைக்குத் தெரியாமல் போடுவான் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

பிறகு புது வண்டி வந்தது. அதே ஆவணியில்தான் அக்காவின் ஒரே மகனுக்குக் கல்யாணமும் நடந்தது. மகன் பெங்களூரில் வேலை. மருமகள் கவிதா பண்ணையைப் பார்த்துக்கொள்ள மோகனூரிலேயே இருந்துவிட்டாள். வீட்டுக்கு ஒரே மாதத்தில் ஒரு மருமகளும் ஒரு பிக்கப்பும் வந்ததாக அக்கா பெருமையாகச் சொல்வார்.

வண்டி எடுத்த ஷோரூமில் அப்போது ஒரு மேனேஜர் இருந்தார். பெயர் வேண்டாம், உங்களுக்குத் தெரியும். அவருக்குக் கைராசி என்று பெயர். எடப்பாடியிலிருந்து வருகிறவர்கள்கூட, அவர் லீவு என்றால் டெலிவரி எடுக்காமல் திரும்பிப் போவார்கள். சாவியை அவர் கையால் கொடுத்தால் வண்டி நிற்காது. எஞ்சின் செய்தவர்களைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை. அக்காவும் அவர் கையால்தான் சாவி வாங்கினார். எலுமிச்சம்பழம் நசுங்கியது, பூசணிக்காய் உடைந்தது, ஒரு குறையும் இல்லை.

அந்த மாதமே வண்டி நடுவழியில் இழுவையில்லாமல் முனக ஆரம்பித்தது. புது வண்டி கோளாறு செய்தால் நம் ஊரில் அதற்கென்று ஒரு வரிசை உண்டு. முதலில் என் கடைக்கு வருவார்கள், திருஷ்டி பொம்மை ஒட்ட. அடுத்து கோயிலுக்கு. மூன்றாவதாக சர்வீஸ் சென்டருக்கு. அங்கே ஒரு பையன் ஒயரைச் சொருகி, "கம்ப்யூட்டர்ல எரர் ஒண்ணும் காட்டலீங்க" என்பான். நான்காவதாக டிரைவரை மாற்றுவார்கள். ஐந்தாவது தேவைப்பட்டதில்லை. நாலு பேர் ஆளுக்கொரு மாதம் ஓட்டி முடிப்பதற்குள் வண்டியை விற்றுவிடலாம். அக்காவும் முதல் மூன்றையும் செய்தார். பெரிய நாக்கோடு ஒரு பொம்மை என் கடையிலிருந்துதான் போனது. நல்ல பொம்மை. வண்டிக்குத்தான் அது ஒத்துக்கொள்ளவில்லை.

ராசிபுரம் தாண்டி வரும் மேம்பாலத்தில் ஒருநாள் முழு லோடோடு ஏறும்போது வண்டி அப்படியே நின்றது. பின்னால் வந்த பஸ் பிரேக்கை எவ்வளவு அழுத்தியும் கடைசியில் இடித்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. முட்டை அட்டைகள் சரிந்து பாலம் முழுவதும் மஞ்சள் கரு ஓடியது. அதைப் படம் பிடித்தவர்கள் டிரைவர் தூங்கிவிட்டான் என்று எழுதிப் போட்டார்கள். இல்லை, விழித்துக்கொண்டுதான் இருந்தான் என்று தெரிந்தபோது, அப்படியானால் ராசியில்லாதவன் என்றார்கள். தூங்கினான் என்றே விட்டிருக்கலாம். தூங்குகிறவனுக்கு வேலை கிடைக்கும். ராசியில்லாதவனைப் புது வண்டி சீட்டில் உட்காரக்கூட விடமாட்டோம். நம் ஸ்டாண்டிலும் விடவில்லை.

நாலாம் நாள் வேலு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றான். மிச்சமிருந்த ஸ்டிக்கர் வேலைக்காக நானும் அங்கே இருந்தேன். சாவியைத் தரையில் வைத்தான்.

"ஏனுங்கக்கா, எனக்கு ராசி இல்லீங்க. வேற ஆளு பாத்துக்குங்க. என்னால உங்க ஊட்டுக்கு ஒரு கெடுதல் வந்தரக் கூடாது."

ஊர் சொன்னது போதாதென்று அவனே நம்பிவிட்டிருந்தான். அக்கா சாவியை எடுக்கவில்லை.

"ஏன்டா, பழைய வண்டிய அத்தன வருசம் ஓட்டுனியே, அப்ப இருந்த ராசி எங்கடா போச்சு? அந்த வண்டியோட சேத்து வித்துப்போட்டமா?"

வேலு தரையில் கிடந்த சாவியையே பார்த்தான்.

"இந்த வண்டிய வேற யாராச்சும் லோடோட ஓட்டிப் பாத்தாங்களாடா?"

"இல்லீங்கக்கா. சர்வீஸ்ல வெறும் வண்டியத்தானுங்க ஓட்டிப் பாக்கறாங்க."

"அப்ப சாவிய எடு. நாளைக்கு லோடு ஏத்து."

மறுநாள் காலை ஷோரூமில் இருவர் புது வண்டி எடுக்க மாலையும் கையுமாகக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு ஸ்டிக்கர் ஒட்ட நான் போயிருந்தேன். கழுத்துவரை முட்டை அட்டை அடுக்கிய பிக்கப்பை வேலு நேராகக் கொண்டுவந்து மாலை போட்ட வண்டிகளுக்கு நடுவில் நிறுத்தினான். அக்கா இறங்கி மேனேஜரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஏனுங்க மேனேஜர், இது உங்க கையால குடுத்த சாவிங்க. உங்க கைராசிக்குத்தான் வாங்குனேன். நீங்களே ஒரு நடை அந்தப் பாலம் வரைக்கும் ஓட்டுங்க."

"அம்மா, சர்வீஸ்ல பாத்துட்டாங்களே, வண்டி பக்காவா இருக்குதுங்களே..."

"பக்காவா இருந்தா ஓட்டறதுக்கு என்னங்க?"

மாலையோடு நின்றவர்கள் இருவரும் மேனேஜரின் கையையே பார்த்தார்கள். அவரால் மறுக்க முடியவில்லை. கைராசிக்காரராக வாழ்வதில் இப்படி ஒரு சிரமம் உண்டு. நடுவில் அக்கா, ஓரத்தில் நான். வேலு பின்னால் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சாலை முழுவதும் வண்டி அருமையாக ஓடியது. மேனேஜர் எங்களுக்கு மைலேஜ் பற்றிக்கூட விளக்கினார். பாலத்தில் பாதி ஏறியதும் முனகியது. அவர் கியரை மாற்றினார். நின்றது. பின்னால் ஆரன்கள் தொடங்கின. மேனேஜர் மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இத்தனை வருஷப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்து, "டிரைவர் கியர் சரியா போடலீங்க" என்றார்.

பின்னால் ஆரன் சத்தம் இன்னும் பலமானது.

"ஆமாங்க, எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றார் அக்கா.

அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததுதான் மேனேஜருக்கு அதிகமாகப் பட்டது. காது மடல் சிவந்துவிட்டது. பின்னால் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அட்டைகளுக்கு மேல் வேலுவின் முகம் தெரிந்தது. தனக்கு நேர்ந்ததே இன்னொருவருக்கும் நேர்வதைப் பார்க்கிறவனின் முகம். சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். மூச்சு விட ஆரம்பித்திருந்தான்.

லோடோடு மேட்டில் நிறுத்தி சர்வீஸ் ஆட்கள் அடியில் படுத்துப் பார்த்ததும் ஒரு மணி நேரத்தில் கோளாறு தெரிந்தது. டீசல் போகும் குழாய் ஒன்றைத் தொழிற்சாலையிலேயே இடம் மாற்றிச் செருகியிருந்தார்கள். முழு லோடோடு மேடு ஏறும்போது, பாரத்தைத் தாங்கும் பின் இரும்புப் பட்டை இன்னும் தாழ்ந்து குழாயை நெரித்தது. வெறும் வண்டியில் நெரியாது. ஆகவே வெறும் வண்டியை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் கோளாறு டிரைவரிடம்தான் இருக்கும்.

ஷோரூமில் புது வண்டியே மாற்றித் தருகிறோம் என்றார்கள். விஷயம் வெளியே போகாமல் இருந்தால் போதும் என்றார்கள். நம்மில் பெரும்பாலோர் அந்த இடத்தில் கும்பிட்டுவிட்டு வந்திருப்போம். நான் கட்டாயம் வந்திருப்பேன். அக்கா, "வண்டி வேண்டாங்க. குழாயச் சரி பண்ணிக் குடுங்க. அப்பறம் ஸ்டாண்டுக்கு வந்து நீங்க ஒரு வார்த்த சொல்லணும், கோளாறு வண்டிலதான், வேலு மேல இல்லீன்னு" என்றார்.

"கம்பெனி ஒத்துக்காதுங்கம்மா."

"கம்பெனிய நான் கூப்பிடலீங்க. உங்களத்தான் கூப்பிட்டேன்."

அவர் வந்தார். இதையும் சொல்ல வேண்டும், அந்த மனிதர் வந்தார். டீக்கடை முன்னால் நாம் எல்லோரும் நின்றிருந்தோம். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னார். "சத்தமாச் சொல்லுங்க, பின்னால நிக்கறவிங்களுக்குக் கேக்கல" என்றார் அக்கா. அவர் சத்தமாகச் சொன்னார். உங்களில் சிலர் கைதட்டினீர்கள். வேலு தலையைத் தூக்கவே இல்லை.

இதோடு முடித்தால் நல்ல கதை. ஆனால் அடுத்த வாரம், மேனேஜர் சொன்னதைக் காதால் கேட்ட ஒருவர் அதே டீக்கடையில், "சரிங்க, வண்டிதான் கோளாறு. அத்தன வண்டி இருக்கறப்ப அந்தக் கோளாறு வண்டி எதுக்கு இவன் கைக்கு வந்துச்சு?" என்றார். இந்தக் கேள்விக்கு எந்தப் பாலத்திலும் பதில் கிடையாது. அக்காவின் காதிலும் அது விழுந்தது. அவர் பதில் பேசாமல் டீயைக் குடித்து முடித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எழுந்து போகும்போது வேலுவிடம், "நாளைக்கு நேரத்துலயே கெளம்பு" என்று மட்டும் சொன்னார். அவன் கடைசிவரை அவர் வண்டியை ஓட்டினான். வேறு யாரும் அவனைப் புது வண்டி எடுக்கக் கூப்பிடவில்லை.

போன வருஷம் அக்காவுக்கு வயிற்றுவலி வந்தது. முதலில் பார்த்த இடத்தில் ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பண்ணையில் பார்த்தபோது விசாரித்தேன். "ஸ்கேன்ல ஒண்ணும் காட்டலையாம் தம்பி. நானும் வெறும் வண்டியாட்டம் போயி நின்னுட்டேன் போல" என்றார். சிரித்தேன். அவரும் சிரித்தார். அப்போதே அவருக்கு இடுப்பில் சேலை நிற்கவில்லை. கணையத்தில் புற்றுநோய் இருக்கிறது என்று கண்டுபிடித்தபோது செய்வதற்கு அதிகம் மிச்சமில்லை. கவிதாதான் பார்த்துக்கொண்டாள். கஞ்சியை ஊட்டி, அது வெளியே வந்ததும் துடைத்து, மறுபடி ஊட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் வேலு ஓட்ட, அக்கா அவள் தோளில் சாய்ந்துகொண்டு போனார். பாலம் வரும்போது, "மெதுவாப் போடா, முட்டை இல்லைன்னாலும் நான் இருக்கறேன்" என்பாராம்.

மறுநாள் காலை காவிரிக் கரையில் எரித்துவிட்டு மத்தியானம் எல்லோரும் வீட்டுக்குத் திரும்பினோம். மகன் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். பெண்கள் பக்கம் அக்காவின் நாத்தனார், வயதானவர், சுவரில் சாய்ந்துகொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நல்லாத்தான் இருந்தா. அந்த ஆவணில இந்தப் புள்ள கால் வெச்சா, அப்பறம் இந்த ஊட்டுல எதுதான் வெளங்குச்சு? வண்டி போயி நின்னுச்சு, இப்ப ஆளும் போயிட்டா."

கவிதா தண்ணீர்ச் செம்போடு நடு வீட்டில் நின்றிருந்தாள். மகன் தலையைத் தூக்கினான், ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சாவு வீடு, வயதானவர், என்று எனக்குள் காரணங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

வேலு வாடகை நாற்காலிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். கையில் இருந்ததைக் கீழே வைத்தான்.

"ஏனுங்காத்தா, அக்காவுக்கு வந்தது கணையத்துலங்க. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுல போட்டிருக்குதுங்க. நானும் கூடப் போனேன். இந்தப் புள்ள பேரு அதுல இல்லீங்க."

குரலை உயர்த்தவில்லை. மரியாதை குறையவில்லை. நாத்தனார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ஸ்டாண்டில் தனக்காக ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசாதவன் அவன். சொல்லிவிட்டு மறுபடி நாற்காலிகளை எடுத்து அடுக்கினான். செம்பைக் கீழே வைத்துவிட்டு கவிதா உட்கார்ந்தாள். அன்று காலையிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

தங்கமணி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது வேலு சொன்ன அந்தக் கடைசி வரி. இந்தப் புள்ள பேரு அதுல இல்லீங்க. இனி யார் முன்னால் யாருடைய ராசியைப் பற்றிப் பேச்சு வந்தாலும், நான் வாயை மூடிக்கொண்டு நின்ற அந்த மத்தியானமும், நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு அவன் பேசியதும் எனக்கு ஞாபகம் வரும். பேசியது அவன். பேச வைத்தவரை அன்று காலைதான் எரித்துவிட்டு வந்திருந்தோம்.