அண்ணி நடத்திய பொங்கல் ஒளிபரப்பு

ஸ்டுடியோ என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டது, திருவண்ணாமலையில் ஒரு துணிக்கடை மாடியில் இருந்த ஒற்றை அறைதான். சுவரில் நீலத் துணி, கண்ணைக் கூசவைக்கும் இரண்டு விளக்குகள், மேசைமேல் ஒரு தொலைபேசி. பொங்கலன்று காலை அண்ணன் என்னை முதுகில் சுமந்து படியேறி, கேமராவுக்கு எதிரே உட்காரவைத்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டவர் அண்ணி.

சிறுவயதிலிருந்தே என் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்து வந்தன. கல்லூரி போகும் வயதில் நடையும் நின்றுபோனது. எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த அண்ணி, உள்ளூர் கேபிள் சேனலில் அறிவிப்பாளராக இருந்தார். பௌர்ணமி சிறப்புப் பேருந்துகள், பிறந்தநாள் வாழ்த்துகள் எல்லாம் அவர் குரலில்தான் ஊருக்குப் போகும். ஒருமுறை என்னை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது, இதே நோயுள்ள பிள்ளைகளை அங்கே பார்த்தார். வளர்ந்த பையன்களைத் தாய்மார்கள் இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றார்கள். திரும்பும் பேருந்தில் அண்ணி, "தம்பி, இவங்களுக்காக நம்ம சேனல்ல ஒரு நாள் பூரா நிகழ்ச்சி பண்ணா என்ன?" என்றார்.

நேயர்கள் கேட்கும் பாட்டைப் போடுவது, நடுநடுவே சக்கர நாற்காலிகளுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் உதவி கேட்பது. இதுதான் திட்டம். சேனல் ஓனர் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒளிபரப்பு தொடங்கும் நேரத்தில் வேறொன்று சொன்னார்.

"தம்பிய கீழ உக்கார வச்சி, எழுந்திருக்க முடியாம விழறத ஒரு தடவ காட்டிடலாம்மா. ஜனங்க மனசு எளகிடும்."

அண்ணி என் பக்கம் திரும்பினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வேணாங்க. அவருக்கு வாய் இருக்குது, பேசுவாரு."

"ஒருத்தனும் போன் பண்ணலன்னா, நாளைக்கு வேற ஆள பாத்துக்குவேன்."

"பாத்துக்கங்க."

அண்ணனுக்கு அப்போது நிலையான வேலை இல்லை. அண்ணியின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அது எனக்குத் தெரியும். கேமராவைப் பார்த்துப் பேசத் தொடங்கினேன். இந்த நோய் எப்படித் தொடங்குகிறது, படி ஏறுவது ஏன் கடினமாகிறது, எனக்குப் பிடித்த பாட்டு எது, கிரிக்கெட்டில் எனக்கு யார்மேல் கோபம் என்றெல்லாம் வாய்க்கு வந்தபடி சொன்னேன். பாட்டு கேட்டுச் சிலர் அழைத்தார்கள். உதவி பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஓனர் கதவோரம் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பெண் பேசினார்.

"தம்பி, நீ சொன்னியே, தொடையில கைய ஊணி ஊணி எழுந்திருப்பேன்னு. எம்புள்ளையும் அப்பிடித்தான் எழுந்திருக்கிறான். நாங்க சோம்பேறின்னு நெனச்சி அடிச்சிட்டோம்பா."

"அவன அடிக்காதீங்கம்மா, இங்க கூட்டிட்டு வாங்க. நாம பாத்துக்கலாம்" என்றேன். 'நாம' என்று எந்தத் தைரியத்தில் சொன்னேனோ!

அதன்பிறகு தொலைபேசி ஓயவில்லை. ஒரு ஆட்டோக்காரர், வேலூர் போகும் பிள்ளைகளைக் கட்டணமில்லாமல் பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். துணிக்கடை முதலாளியே மாடியேறி வந்து ஒரு சக்கர நாற்காலிக்குப் பொறுப்பேற்றுக்கொண்டார். சாயங்காலம் ஓனர் அண்ணிக்கு டீ வாங்கிக் கொடுத்து, "வருசா வருசம் பண்ணலாம்மா" என்றார்.

அப்படியே பல வருடங்கள் நடந்தது. கீழ்பென்னாத்தூர்ப் பையன் என் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைவிடக் கலகலப்பாக நேயர்களோடு பேசத் தொடங்கினான். அவனுக்கு வந்தது கடுமையான வகை. மீசை அரும்பிய வயதில் போய்விட்டான். என் நோய் மெதுவானது. இன்று மின்சாரச் சக்கர நாற்காலியில் ஊரை ஒட்டிய வேங்கிக்காலுக்கு வேலைக்குப் போய்வருகிறேன். அந்தச் சேனல் இப்போது இல்லை.

போன பொங்கலுக்கு அந்தப் பையனின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பிடும்போது அண்ணியிடம் சொன்னார்: "எம்புள்ளைய ஊர்ல யாரும் பாவம்னு சொன்னதில்லைங்க. டிவில என்னமா பேசறான்னுதான் சொன்னாங்க."

அண்ணி சர்க்கரைப் பொங்கலை இன்னொரு கரண்டி எடுத்து அவர் இலையில் வைத்தார்.