சாலம்மாள் சொன்ன ஊர்

மன்னாரில் புருஷனோடு படகேறும்போது சாலம்மாள் கையில் கதிரவன் கைக்குழந்தை. சண்டை ஓய்ந்ததும் திரும்பிவிடலாம் என்ற நினைப்பில்தான் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்து அகதிகள் முகாமில் வந்து தங்கினாள். அந்த நினைப்பு லேசில் அவளை விடவில்லை. பிள்ளைகள் தெருவில் எப்படிப் பேசினாலும், வாசல் தாண்டி உள்ளே வந்தால் மன்னார்ப் பேச்சுதான் பேச வேண்டும். கதிரவன் வாய்தவறி “வூடு” என்றால் போதும், பிடித்துக்கொள்வாள்.

“வீடு எண்டு வடிவாச் சொல்லு. ஊருக்குப் போனா சனம் சிரிக்கும்.”

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோதும் அதே வீம்பு. ராஜாமணி வாத்தியார் இரக்கப்பட்டு, “பொறந்த ஊரு பாப்பிரெட்டிப்பட்டின்னே போட்டுடறேங்கம்மா, பின்னாடி பையனுக்கு ஒதவும்” என்றார்.

“வேண்டாம் சேர். நாளைக்கு அங்க காணி கேக்கேக்க இவன் எந்த ஊரெண்டு சொல்றது?”

மன்னாரையே எழுத வைத்துவிட்டு நிம்மதியாக வந்தாள். வாத்தியார் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

கதிரவன் இன்ஜினியரிங் முடித்தான். குடியுரிமை இல்லாதவன் என்றதும் கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். கடத்தூரிலும் நல்லம்பள்ளியிலும் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறான்.

போன மாதம் டிவியில் ஒரு செய்தி. முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டு எம்.பி. ஒருவர் மசோதா கொண்டுவரப் போகிறாராம். முகாமிலேயே பிறந்த தங்கை ஜாஸ்மின் துள்ளிக் குதித்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் டிவியை அணைத்துவிட்டாள்.

“பெயின்ட் அடிக்கிறதுக்கு எதுக்கு எனக்குக் குடியுரிமை?” என்று கதிரவன் சிரித்தான். சாலம்மாள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“என்ர வாயாலயே உனக்குக் கெடுதல் செய்துபோட்டன் தம்பி.”

“உண்மையைத்தானே அம்மா சொன்னனீங்கள்.”

ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த எம்.பி. பாப்பிரெட்டிப்பட்டிக்கு வந்தபோது முகாம்காரர்கள் பார்க்கப் போனார்கள். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத சாலம்மாள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

“ஐயா, எம்பையன் பொறந்தது மட்டுந்தானுங்க அங்க. நடை பழகுனது, படிச்சது எல்லாம் இங்கதானுங்க. கைக்கொழந்தையா வந்தவங்களையும் அந்தச் சட்டத்துல சேத்துக்கோங்க. இத வுட்டா அவனுக்கு வேற வூடு இல்லீங்க.”

“பாக்கறேம்மா” என்றார் எம்.பி. பார்ப்பாரோ மாட்டாரோ, அவருக்கே வெளிச்சம். பின்னால் நின்ற கதிரவனுக்கு அந்தப் பதில் காதிலேயே விழவில்லை. அம்மா வாயிலிருந்து ‘வூடு’ என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டான்.